கடலுக்கு அடியில் சிக்னல் கிடைக்குமா? நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நாங்குநேரி ஆன்டெனா

சிவகாசியிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டால், சுமார் 120 கிலோமீட்டரில் விஜயநாராயணம் வரும். நெல்லை மாவட்டம், நாங்குநேரி பக்கம். கடற்கரை ஊர் கிடையாது. ஆனால் அங்கே ஒரு 'கப்பல்' இருக்கிறது. பெயர் ஐஎன்எஸ் கட்டபொம்மன்.

இந்தியக் கடற்படை தன்னுடைய கரைத் தளங்களுக்கும் கப்பல்களைப் போலவே ஐஎன்எஸ் என்று பெயர் வைப்பது வழக்கம். அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து இருப்பதுபோல இதுவும் ஒன்று. ஆனால் இங்கே விமானம் இறங்குவதில்லை, கப்பலும் வருவதில்லை. இங்கே இருப்பது ஆன்டெனா. கடலுக்கு அடியில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதுதான் அதன் வேலை.

விருதுநகரில் இருந்து நான்குவழிச் சாலையில் சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, நெல்லை தாண்டி நாங்குநேரி போகிறவர்கள் இந்தக் கம்பங்களைத் தூரத்தில் பார்த்திருக்கலாம். வழியில் வரும் கயத்தாறில்தான் 1799 அக்டோபர் 16-ல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரில் உள்ள இந்தத் தளத்தை 1990 அக்டோபர் 20-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். 2014 ஜூலை 31-ல் அதே இடத்தில் புதிய ஒலிபரப்பு நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. அப்போது எழுந்த இரண்டு கம்பங்களின் உயரம் தலா 471 மீட்டர். இந்தியாவின் மிக உயரமான கட்டமைப்புகள் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவை இவைதான்.

471 மீட்டர் என்றால் எவ்வளவு? ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக எட்டு முறை அடுக்கினால் வரும் உயரம். பாரிஸ் ஈபிள் கோபுரம் 330 மீட்டர்தான்.

இவ்வளவு உயரம் எதற்கு? இதில் வேடிக்கை என்னவென்றால், செய்யும் வேலைக்கு இந்த உயரமே போதாது.

உப்புத் தண்ணீர் சிக்னலை விழுங்குவது ஏன்?

பட்டாசு ஆலையில் எர்த் குழி வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். காரணம், உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடல் முழுக்க அந்தத் தண்ணீர்தான்.

ரேடியோ அலை என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த துடிப்பு. அது கடல்நீருக்குள் நுழைந்ததும் அந்தத் தண்ணீரிலேயே மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அலையில் இருந்த ஆற்றல் அந்த மின்னோட்டத்தில் வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. கடலே ஒரு பெரிய எர்த் குழி மாதிரிதான்.

எவ்வளவு ஆழத்தில் கரையும் என்பது அலையின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. செல்போன் அலை கடல்நீரில் சுமார் ஒரு சென்டிமீட்டர் போவதற்குள்ளேயே பலத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அடுத்த சென்டிமீட்டரில் மறுபடியும் மூன்றில் ஒரு பங்கு. எஃப்எம் ரேடியோவுக்கு இந்த அளவு இரண்டரை சென்டிமீட்டர். சிலோன் ரேடியோ கேட்ட காலத்து மீடியம் வேவ் அலைக்குக் கால் மீட்டர். அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாகப் போகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அப்படியே இறங்கிக்கொண்டு போனால் 'மிகத் தாழ் அதிர்வெண்' என்ற பட்டைக்கு வருவோம். சுருக்கமாக விஎல்எஃப். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை. விஜயநாராயணம் நிலையத்தின் அலைவரிசைகளில் விஞ்ஞானிகளுக்கு நன்கு அறிமுகமானது 18.2 கிலோஹெர்ட்ஸ். நம் வீட்டு எஃப்எம் ரேடியோவில் வரும் அலை இதைப்போல 5,000 மடங்குக்கும் மேல் வேகமாகத் துடிக்கிறது. 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை மூன்றில் ஒரு பங்காகக் குறைய சுமார் 1.9 மீட்டர் தண்ணீர் தேவை. 15 மீட்டர் ஆழத்தில் அதன் பலம், மேற்பரப்பில் இருந்ததில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு. ரொம்பக் குறைவுதான். ஆனாலும் நல்ல ரிசீவர் பிடித்துவிடும். 15, 20 மீட்டர் ஆழம் என்பது மேலே போகும் கப்பலின் கண்ணுக்கும் ரேடாருக்கும் தப்பப் போதுமானது.

அலை 16 கி.மீ., கம்பம் அரை கி.மீ.கூட இல்லை

தாழ்ந்த அதிர்வெண்ணுக்குப் போனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். அலை நீண்டுவிடும். 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 16.5 கிலோமீட்டர். சிவகாசியில் அலை தொடங்கினால், சாத்தூரை நெருங்கும்போதுதான் ஒரே ஒரு முழு அலை முடியும்.

நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா நன்றாக வேலை செய்ய, அலைநீளத்தில் கால் பங்கு உயரம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இந்த அலைக்குக் கால் பங்கு என்றால் 4.1 கிலோமீட்டர். ஏறக்குறைய சிவகாசி–திருத்தங்கல் தூரத்தைத் தூக்கி நேராக நிறுத்த வேண்டும். உலகத்தில் யாராலும் முடியாது. 471 மீட்டர் கம்பம் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் வருகிறது.

அதனால் நீர்மூழ்கித் தொடர்புக்கான ஆன்டெனா வடிவமைப்பு என்பது, குட்டையான ஆன்டெனாவை எப்படியாவது வேலை வாங்குவது பற்றிய கலை. மூன்று இடங்களில் பொறியாளர்கள் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள்: உச்சியில், அடியில், மண்ணுக்குள்.

முதலில் உச்சி. கம்பம் தனியாக நின்றால் அதில் மின்னோட்டம் மேலே போகப்போகக் குறைந்து, நுனியில் பூஜ்ஜியமாகிவிடும். பாதி உயரம் வீண். இதைத் தடுக்க, உச்சியிலிருந்து நாலாபுறமும் கம்பிகளைக் குடைபோல விரித்துக் கட்டுகிறார்கள். மின்னோட்டம் நுனியில் நின்றுவிடாமல் அந்தக் குடைக் கம்பிகளுக்குள்ளும் போகிறது. கம்பம் உயர்ந்துவிட்டது போன்ற பலன் கிடைக்கும். இதற்குக் குடை ஆன்டெனா என்றே பெயர். விஜயநாராயணத்தில் இருப்பதும் இந்த வகைதான். தெருவில் மின்கம்பத்துக்கு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி மாதிரி தூரத்தில் தெரியும். ஆனால் ஸ்டே கம்பி கம்பத்தைத் தாங்க மட்டுமே. குடைக் கம்பியோ ஆன்டெனாவின் ஓர் உறுப்பு. லட்சக்கணக்கான வோல்ட் ஏறும்.

அவ்வளவு வோல்ட் ஏறினால் கம்பியைச் சுற்றியுள்ள காற்றே அயனியாகிப் பொரியத் தொடங்கும். மழை ஈரத்தில் இன்னும் மோசம். ஆகவே இன்சுலேட்டர்கள் பெரிதாக இருக்க வேண்டும், கம்பியில் கூர்மையான முனை எங்கும் இருக்கக் கூடாது. இதற்கு மேல் சக்தியை ஏற்ற முடியாது என்ற எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டிரான்ஸ்மிட்டர் இல்லை, இந்தக் காற்றுதான்.

அடுத்தது அடிப்பகுதி. குட்டை ஆன்டெனா, உள்ளே வரும் ஆற்றலை வெளியே விடாமல் திருப்பி அனுப்பும் குணம் கொண்டது. அதைச் சமன் செய்ய அடியில் ஒரு ராட்சதச் சுருள் வேண்டும். உலகின் பெரிய விஎல்எஃப் நிலையங்களில் இந்தச் சுருளுக்கென்றே தனிக் கட்டடம் இருக்கிறது. உட்சுவர் முழுக்க உலோகத் தகடு அடித்திருப்பார்கள். சுருளைச் சுற்றும் கேபிளும் மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் சேர்த்து முறுக்கியது. மெகாவாட் அளவு நிலையத்தில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் ஓடும் என்பதால் சாதாரண வயர் தாங்காது.

மூன்றாவது மண். இதுதான் கண்ணுக்குத் தெரியாத பாதி. ஆன்டெனாவில் மேலே ஏறும் மின்னோட்டம் மண் வழியாகத் திரும்பி வர வேண்டும். குட்டை ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை ஒரு ஓமைவிடக் குறைவு. மண்ணின் தடையும் அதே அளவு இருந்தால், கொடுக்கும் மின்சாரத்தில் பாதி மண்ணைச் சூடாக்கவே போய்விடும். அதனால் கம்பத்தின் அடியில் இருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல நூற்றுக்கணக்கில் செம்புக் கம்பிகளைப் புதைக்கிறார்கள். எர்த் குழிக்கு உப்பு போடுவதன் பிரம்மாண்ட வடிவம் என்று சொல்லலாம். விஎல்எஃப் நிலையம் என்றாலே ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்பதற்குப் பெரிய காரணம் இதுதான். கம்பம் நிற்கும் இடம் கொஞ்சம். குடை விரியவும் செம்பு பரவவும்தான் நிலம்.

இந்த வடிவம் புதிதில்லை. 1943-ல் ஜெர்மனி தன் நீர்மூழ்கிகளுக்காகக் கால்பே என்ற ஊரில் 'கோலியாத்' என்ற ஒரு மெகாவாட் நிலையம் அமைத்தது. அதுவும் குடை வகைதான். போர் முடிந்ததும் சோவியத் ராணுவம் அதைக் கழற்றி எடுத்துப்போய்த் தன் நாட்டில் மறுபடி நிறுத்தியது. 1950-களில் இருந்து அங்கே வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் நிலையத்தில் 13 கோபுரங்கள், நடுக் கோபுரம் 387 மீட்டர்.

ஒரு போட்டோ போக ஒரு மணி நேரம்

இவ்வளவு செய்தும் வேகம் கிடையாது. குட்டை ஆன்டெனா மிகக் குறுகிய அலைப்பட்டையில் மட்டுமே இசையும். விநாடிக்கு 50 முதல் சில நூறு பிட்கள் வரைதான் அனுப்ப முடியும். விநாடிக்கு 200 பிட் என்று வைத்துக்கொண்டால், வாட்ஸ்அப்பில் வரும் 100 கேபி போட்டோ ஒன்று போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குரல் அனுப்பவே முடியாது. போவதெல்லாம் சங்கேத எழுத்துகள்.

நீர்மூழ்கியால் பதிலும் சொல்ல முடியாது. 471 மீட்டர் கம்பத்தை அது எங்கே வைத்துக்கொள்ளும்? கேட்பதற்கு மட்டும் அதனிடம் வசதி உண்டு. ஒன்று, உடலில் பொருத்திய வளைய ஆன்டெனா. மற்றொன்று, வால்போலப் பின்னால் மிதக்கவிடும் நீளமான கம்பி. கப்பல் ஆழத்தில் இருந்தாலும் கம்பி மேற்பரப்பை ஒட்டி மிதப்பதால் சிக்னல் எட்டும். ஆனால் வேகத்தைக் குறைத்து மெதுவாகப் போக வேண்டும்.

கரையிலிருந்து செய்தி போய்விட்டதா என்று தெரியாது. ஆகவே ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புவதும், செய்திகளுக்கு வரிசை எண் போடுவதும் கடற்படைகளின் பழக்கம். எண் விட்டுப்போனால், ஏதோ ஒன்றைத் தவறவிட்டோம் என்று நீர்மூழ்கிக்குத் தெரிந்துவிடும்.

இன்னும் ஆழத்துக்குப் போக அமெரிக்கா வேறு வழி பார்த்தது. 76 ஹெர்ட்ஸ். அலைநீளம் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். இந்தியாவின் வடக்கு–தெற்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான். அந்த அலை கடல்நீரில் மூன்றில் ஒரு பங்காகக் குறைய 29 மீட்டர் ஆகும் என்பதால், ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கியையும் எட்டும். கம்பம் எதுவும் உதவாது என்பதால் பூமியையே ஆன்டெனா ஆக்கினார்கள். விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் மொத்தம் 135 கிலோமீட்டர் மின்கம்பி இழுத்து, முனைகளைப் பாறைக்குள் எர்த் செய்தார்கள். மேலே சொன்னதற்கு நேர் எதிராக, இங்கே மின்சாரத்தைக் கடத்தாத மண்தான் தேவை. அப்போதுதான் மின்னோட்டம் பூமிக்குள் ஆழமாக இறங்கிப் பெரிய வளையமாகச் சுற்றும். மூன்றே மூன்று எழுத்து போய்ச் சேரச் சுமார் 15 நிமிடம். 2004-ல் அதை மூடிவிட்டார்கள்.

சிவகாசி மின்னலும் இதே அலைவரிசையில்தான்

விஎல்எஃப் பட்டையில் கடற்படைகள் தனியாக இல்லை. இன்னொரு பெரிய ஒலிபரப்பாளர் உண்டு. மின்னல். ஒவ்வொரு மின்னலும் வெளியிடும் ரேடியோ ஆற்றல் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உச்சத்தில் இருக்கும். ரேடியோவில் பாட்டு கேட்கும்போது இடி இடித்தால் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதன் தாய் இதுதான். இந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும் என்பதால், உலகத்தில் எங்கெங்கோ அடிக்கும் மின்னல்களின் சத்தமெல்லாம் நீர்மூழ்கியின் ரிசீவரில் வந்து விழும். இடிமழை அதிகமுள்ள வெப்பமண்டலக் கடலில் தொல்லை இன்னும் கூடுதல். விஎல்எஃப் நிலையங்கள் மெகாவாட் கணக்கில் கத்த வேண்டியிருப்பது இந்தச் சந்தையில் காது கேட்க வைக்கத்தான்.

பட்டாசுத் தொழிலாளர்களுக்கு மின்னல் என்பது ரேடியோ இரைச்சல் இல்லை, உயிர்ப் பிரச்சினை. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் கறுத்துக்கொண்டு வந்தாலும், ஐப்பசியில் தீபாவளி வேலை மும்முரத்தில் இடி இடித்தாலும் வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. மின்னல் விழுந்து ஆலைகள் வெடித்த சம்பவங்கள் விருதுநகர் மாவட்டத்தில் நடந்திருக்கின்றன. கடற்படைக்குத் தொல்லை தரும் அதே ரேடியோ துடிப்பு இங்கே உதவிக்கும் வருகிறது. மின்னல் விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார்கள் அந்தத் துடிப்பைத்தான் கேட்கின்றன. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, இப்படிப்பட்ட சென்சார் வலையமைப்பை வைத்து 20, 40 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விழும் மின்னலைப் பற்றி எச்சரிக்கிறது. இலவசம்தான். ஆலை மேற்பார்வையாளர்கள் போனில் கட்டாயம் இருக்க வேண்டியது. போனை மருந்து அறைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான்.

அப்படியென்றால் நாங்குநேரி ஆன்டெனாவின் அலையால் சிவகாசியில் மருந்து தீப்பிடிக்குமா? கணக்கு போட்டுப் பார்த்தால் பயத்துக்கு இடமில்லை. முழுதாக ஒரு மெகாவாட் கதிர்வீசும் நிலையம் என்று வைத்துக்கொண்டாலும், 120 கிலோமீட்டர் தள்ளி அதன் மின்புலம் மீட்டருக்கு 100 மில்லிவோல்ட்டைத் தொடாது. கையில் இருக்கும் செல்போன் அதைவிட அதிகம் வீசும். ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது: உராய்வு, வெயில், நைலான் துணியில் ஏறும் நிலை மின்சாரம். அறை வாசலில் செம்புத் தகடு பதித்து, அதைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வது அதற்காகத்தான்.

கொல்கத்தாவில் கேட்கும் நெல்லைச் சத்தம்

இந்த அலைகள் தரைக்கும், மேலே 70 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்துக்கும் நடுவே, குழாய்க்குள் போவதுபோலப் போகின்றன. பகலில் அந்தக் கூரை தாழ்ந்திருக்கும், இரவில் உயரும். சூரியனில் வெடிப்பு நடந்தாலும் சிக்னல் மாறும். கொல்கத்தாவில் உள்ள இந்திய விண்வெளி இயற்பியல் மையம் 18.2 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறது. 2009 ஜூலை 22 முழு சூரிய கிரகணத்தின்போது நாட்டின் பல இடங்களில் ரிசீவர் வைத்து, நிழல் விழுந்ததும் சிக்னல் எப்படி மாறியது என்று அளந்தார்கள். செய்தியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சிக்னலின் பலம் ஏறி இறங்குவதே அவர்களுக்குத் தகவல்.

ஒரே நிலையம் போதுமா?

அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் கொள்கை. அப்படியானால், தாக்குதலுக்கு உள்ளான பிறகும் திருப்பி அடிக்க ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். கடலுக்கடியில் மறைந்திருக்கும் நீர்மூழ்கிதான் அந்த மிச்சம். 2018 நவம்பரில் ஐஎன்எஸ் அரிஹந்த் தன் முதல் அணு ஆயுத ரோந்தை முடித்ததாகப் பிரதமர் மோடி அறிவித்தார். 2024 ஆகஸ்ட் 29-ல் ஐஎன்எஸ் அரிகாட் விசாகப்பட்டினத்தில் சேர்க்கப்பட்டது. இவை மேலே வந்து ஆன்டெனாவை நீட்டினால் எதிரி ரேடாரில் மாட்டும் அபாயம். மூழ்கியபடியே உத்தரவு வாங்க வேண்டும்.

அந்த உத்தரவு போகும் கம்பமோ அசையாமல் ஒரே இடத்தில், செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்கா இதற்கு மாற்றாக, சுமார் 8 கிலோமீட்டர் நீளக் கம்பியை வானத்தில் தொங்கவிட்டபடி வட்டமடிக்கும் ஈ-6 விமானங்களை வைத்திருக்கிறது. இந்தியா கையில் எடுத்திருப்பது இரண்டாவது நிலையம். தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டம் தாமகுண்டம் காட்டில், சுமார் 2,900 ஏக்கரில், ரூ.3,200 கோடி செலவில். 2024 அக்டோபர் 15-ல் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அடிக்கல் நாட்டினார். 2027-ல் முடிப்பது திட்டம்.

அங்கே எதிர்ப்பும் இருக்கிறது. மரங்கள் வெட்டப்படும், காட்டுக்குள் இருக்கும் ராமலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போவது தடைபடும், மூசி ஆற்றின் நீராதாரம் பாதிக்கும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் உள்ளூர் மக்களும் சொல்கிறார்கள். கோயிலுக்குப் போகத் தடை இருக்காது என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. கதிர்வீச்சு பற்றிய பேச்சும் எழுந்தது. அதற்கு, 1990-லிருந்து இயங்கும் விஜயநாராயணம் நிலையத்தை ஆதரவாளர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். கதிர்வீச்சுப் பயத்துக்கு அந்த உதாரணம் ஓரளவு பதிலாகலாம். மரங்களைப் பற்றிய கேள்விக்கு ஆகாது. குடை விரியும் பரப்பிலும், செம்புக் கம்பி புதைக்கும் பரப்பிலும் காடு அப்படியே நிற்க முடியாது.